திலக் நகர் பஸ் ஸ்டாப்பும் ஆயிரம் பேர் கணக்கும்

மும்பைக்கு வேலைக்கு வந்த நம்மாட்கள் பலர் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த மராத்தி, பஸ் நம்பராகத்தான் இருக்கும். ரொம்ப காலம் இங்கே பஸ்ஸின் நெற்றியில் நம்பர் தேவநாகரியில்தான் எழுதியிருக்கும். மராத்தி ஒன்று நம் கண்ணுக்கு 9 மாதிரி தெரியும். நாலு, மேலே மூடாமல் விட்ட 8 மாதிரி. வண்டி பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் பக்கவாட்டில் இங்கிலீஷ் நம்பர் கண்ணில் படும். அதற்குள் க்யூ நகர்ந்துவிடும். (ஆமாம், பஸ்ஸுக்கு க்யூ! நம் ஊரில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்தவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி.)

இரண்டாவது அதிர்ச்சி, கண்டக்டரிடம் விசில் கிடையாது. மேலே ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் டிரைவர் பக்கத்தில் மணி அடிக்கும். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் போலாம் ரைட்.

பேங்க் வேலையில் பகல் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பஸ் பார்ப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இதற்குக் கிடைக்கும் மரியாதையை இங்கே எழுத முடியாது :-) ஆனால் திலக் நகர்க்காரனுக்கு இது சுலபமான பொழுதுபோக்கு. ஒரு பக்கம் ஹார்பர் லைன் ஸ்டேஷன். அதை ஒட்டியே லோக்மான்ய திலக் டெர்மினஸ். கோயமுத்தூர்க்காரர்களின் குர்லா எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற இடம் அதுதான். இன்னொரு பக்கம் அமர் மஹால் ஜங்ஷன். அங்கே அரை மணி நேரம் நின்றால் போதும். பெஸ்ட் சிவப்பு, நவி மும்பை மாநகராட்சி பஸ், வெளியூர் போகும் மகாராஷ்டிர அரசு பஸ் எல்லாம் கண்முன்னே போகும்.

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கேள்வி வந்தது. பெஸ்ட் பஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது, ஜனங்களுக்கு இப்போது பஸ் வேண்டாம், எல்லோரும் பைக், ஓலா, மெட்ரோ என்று போய்விட்டார்கள் என்று ஆபீஸில் அடிக்கடி சொல்கிறார்கள். நிஜமாகவே ஜனங்கள் பஸ்ஸை விட்டுப் போனார்களா, அல்லது பஸ் ஜனங்களை விட்டுப் போனதா? பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வழி, பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பது.

குதிரை காலத்துக் கணக்கு

பம்பாயில் முதல் குதிரை டிராம் 1874 மே 9 அன்று ஓடியது. கொலாபாவிலிருந்து பைதோனிக்கு ஒன்று, போரி பந்தரிலிருந்து பைதோனிக்கு ஒன்று. கட்டணம் மூன்று அணா. கூட்டம் சேரச் சேர, அதை இரண்டு அணாவாகக் குறைத்தார்கள். கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பது முதல் வருடமே அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2019-க்கு வரும்போது தேவைப்படும்.

1905-ல் மின்சாரக் கம்பெனியும் டிராமும் ஒன்றாகி 'பாம்பே எலெக்ட்ரிக் சப்ளை அண்ட் டிராம்வேஸ் கம்பெனி' ஆனது. அதுதான் பெஸ்ட். 1907 மே 7 அன்று மின்சார டிராம். 1926 ஜூலை 15 அன்று ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு முதல் பஸ். மொத்தம் 24 வண்டிகளோடு ஆரம்பித்தார்கள். அந்த டிசம்பர் முடிவதற்குள் 6 லட்சம் பேர், அடுத்த வருடம் 38 லட்சம் பேர் ஏறினார்கள்.

ஆனால் அன்றைய பஸ் கொஞ்சம் வசதியானவர்கள் வண்டி. ஒரு அணா கொடுத்தால் டிராமில் மியூசியத்திலிருந்து தாதர் வரை போகலாம். பஸ்ஸில் குறைந்தபட்சமே இரண்டு அணா, அதுவும் தோபி தலாவிலிருந்து ஃப்ளோரா ஃபவுண்டன் வரைக்கும்தான்.

1937-ல் டபுள் டெக்கர் பஸ் வந்தது. 1947 ஆகஸ்ட் 7 அன்று, சுதந்திரத்துக்கு எட்டு நாள் முன்பு, மாநகராட்சி கம்பெனியை எடுத்துக்கொண்டது. 'டிராம்வேஸ்' என்பது 'டிரான்ஸ்போர்ட்' ஆனது. 1995-ல் 'பாம்பே' போய் 'பிருஹன்மும்பை' ஆனது. இரண்டு தடவை பெயர் மாறியும் நாலு எழுத்து அப்படியே இருக்கிறது. போர்டு எழுதும் செலவு மிச்சம்!

டிராம் தெற்கிலிருந்து வந்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளோடு நின்றுவிட்டது. அதனால் மாட்டுங்கா தமிழர்கள் டிராம் பார்த்தவர்கள். செம்பூர்க்காரர்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை 1906-லேயே போட்டார்கள், எதற்குத் தெரியுமா? நகரத்துக் குப்பையைக் கொண்டுபோக! 1924-ல்தான் மனிதர்களை ஏற்றினார்கள். 1950-களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன, உரத் தொழிற்சாலை பின்னால் வந்தது. இவற்றில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரில் நிரம்பின. திலக் நகரில் ஹவுசிங் போர்டு மாடி வீடுகள், பக்கத்தில் செட்டா நகர், அங்கே முருகன் கோயில் என்று ஊர் விரிந்தது. இந்த ஊரை நகரத்தோடு கட்டிப்போட்டது ரயிலும் பஸ்ஸும்தான். 1964 மார்ச் 31 அன்று கடைசி டிராம் ஓடி முடிந்தபிறகு சாலையில் பெஸ்ட் பஸ் மட்டும்தான் ராஜா.

மாட்டுங்கா கிரைண்டர், செம்பூர் பஸ்

இப்போது பேலன்ஸ் ஷீட்டுக்கு வருவோம்.

பெஸ்ட்டுக்கு இரண்டு தொழில். ஒன்று பஸ், இன்னொன்று மின்சாரம். மின்சாரம் தெற்கே கொலாபாவிலிருந்து வடக்கே மாஹிம், சயான் வரைதான். மாட்டுங்காவும் தாராவியும் அதற்குள் வரும். திலக் நகர் வராது. எங்களுக்கு முன்பு பி.எஸ்.இ.எஸ்., பிறகு ரிலையன்ஸ், 2018 முதல் அதானி. சிலருக்கு டாடா. ஆனால் பஸ் மட்டும் எல்லோருக்கும் பெஸ்ட்.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். பஸ் எப்போதும் நஷ்டம், மின்சாரம் எப்போதும் லாபம். அந்த லாபத்தை எடுத்து இந்த நஷ்டத்தை அடைப்பார்கள். மாட்டுங்காவில் ஒரு மாமி இட்லிக்கு அரைத்த கிரைண்டரின் கரண்ட் பில்லும், தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு அண்ணாச்சி கடையில் எரிந்த டியூப் லைட்டும் சேர்ந்துதான் திலக் நகரில் நான் ஏறும் பஸ்ஸின் டீசலுக்குக் காசு கொடுத்தன. அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல வருடம் இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் ஓடியது.

2003-ல் புது மின்சாரச் சட்டம் வந்தது. மின்சாரம் வாங்குகிறவர் ஏன் பஸ் நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், மாமி பக்கத்திலிருந்து பார்த்தால். கொஞ்ச காலம் பஸ் நஷ்டத்துக்கென்று பில்லில் தனியாக ஒரு வரி போட்டு வாங்கினார்கள். அதுவும் வழக்கும் வாதமுமாக இழுத்து, கடைசியில் நின்றுபோனது. ஒரு கடன்காரர் வருமானத்தில் பாதி நின்றுபோனால் எங்கள் பேங்கில் என்ன செய்வோமோ, அதேதான் நடந்தது. செலவைக் குறை, விலையை ஏற்று.

பஸ் வாங்குவது குறைந்தது. 2000-களின் கடைசியில் ஊதா நிறத்தில் ஏசி பஸ்கள் வாங்கினார்கள். பழுதாகி நடுரோட்டில் நிற்பதற்கே பேர் வாங்கிய அந்த வண்டிகளை 2017-ல் ஏறக்கட்டினார்கள். கட்டணமும் ஏறியது. 2015-ல் மட்டும் இரண்டு தடவை ஏறி, குறைந்தபட்சம் 8 ரூபாய் ஆனது. அதே தூரத்துக்கு ஷேர் ஆட்டோ 10 ரூபாய். பஸ்ஸுக்கு அரை மணி காத்திருப்பதா, இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து இப்போதே போவதா? ஜனங்களுக்குக் கணக்குத் தெரியாதா என்ன.

ஆயிரம் பேர் கணக்கு

இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம் இதுதான். பொதுவில் சொல்லப்படும் எண்களை எடுத்து, பயணிகள் எண்ணிக்கையை பஸ் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். சாதாரண வகுத்தல், நாலாங்கிளாஸ் கணக்கு.

1947: 242 பஸ், தினம் 2.38 லட்சம் பேர். ஒரு பஸ்ஸுக்கு 983 பேர்.

2010 வாக்கில்: சுமார் 4,700 பஸ், சுமார் 42 லட்சம் பேர். ஒரு பஸ்ஸுக்கு ஏறத்தாழ 900.

2019 முதல் பாதி: சுமார் 3,300 பஸ், 20 லட்சத்தை ஒட்டி. ஒரு பஸ்ஸுக்கு 600.

2019 கடைசி: ஏறத்தாழ அதே அளவு பஸ், 30 லட்சத்துக்கு மேல். ஒரு பஸ்ஸுக்கு மறுபடி 900-க்கு மேல்.

பஸ் சைஸ் மாறியிருக்கிறது, டபுள் டெக்கரும் மினி பஸ்ஸும் ஒன்றில்லை, எல்லா வண்டியும் எல்லா நாளும் ரோட்டுக்கு வராது. அதெல்லாம் சரி. ஆனாலும் எழுபது வருடத்தில் நகரமே தலைகீழாக மாறியும், ஒரு பஸ் ஒரு நாளில் ஆயிரம் பேரை ஒட்டித்தான் சுமக்கிறது. அப்படியானால் 2010-லிருந்து காணாமல் போன லட்சக்கணக்கான பயணிகளில் பெரும் பங்கு, காணாமல் போன பஸ்ஸோடு சேர்ந்து போனவர்கள். 1,400 பஸ்ஸைக் குறைத்துவிட்டு, 14 லட்சம் பேரைக் காணோமே என்று தேடினால் எப்படி?

மீதி ஒரு பங்கு இருக்கிறது. ஆயிரம் எப்படி அறுநூறு ஆனது? அதற்கு விடை 2019-ல் கிடைத்தது.

ஐந்து ரூபாய்

2019 ஜனவரி 8-லிருந்து 16 வரை பெஸ்ட் ஊழியர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஸ் இல்லாமல் பழகிய ஜனம் திரும்பி வராது என்றுதான் நானும் நினைத்தேன். அதே வருடம் ஜூலை 9 அன்று குறைந்தபட்சக் கட்டணத்தை 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறக்கினார்கள், ஏசிக்கு 6. ஐந்து கிலோமீட்டர் வரை ஐந்து ரூபாய், எவ்வளவு தூரம் போனாலும் அதிகபட்சம் 20 ரூபாய். மாநகராட்சி பணம் கொடுக்க முன்வந்ததால் இது முடிந்தது.

கூட்டம் அலையலையாக வந்தது. குர்லாவிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் வழியாகப் போகும் 310-ல் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு எங்கள் பேங்க் ஆட்கள் டபுள் டெக்கர் மாடிப்படியில் நின்றார்கள். பஸ் அதே பஸ், ரோடு அதே ரோடு, டிராஃபிக் ஜாமும் அதே. மாறியது மூன்று ரூபாய்.

இதற்கு நேர்மாறான பரீட்சை நம் ஊரில் நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஏறியபோது சென்னையில் பஸ்ஸை விட்டு ஆட்கள் விலகினார்கள். 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றதும் பெண்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதுவரை வேறு வண்டியில் போனவர்கள் இல்லை. பலர் எங்கும் போகாமல் வீட்டில் இருந்தவர்கள். அதனால் பயணிகள் எண்ணிக்கை என்பது வெறும் டிராஃபிக் புள்ளிவிவரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

2020-ல் லோக்கல் ரயில் நின்றபோது நர்ஸுகளையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் எங்களைப் போன்ற பேங்க் ஆட்களையும் ஏற்றிச் சென்றது பெஸ்ட் பஸ்தான். அந்த நாட்களில் வண்டி ஓட்டிய டிரைவர், கண்டக்டர்களை நான் மறக்க மாட்டேன்.

வாடகை பஸ்

கட்டணம் இறங்கியது, சரி. பஸ் எங்கே? சொந்தமாக வாங்கப் பணம் இல்லாததால் 'வெட் லீஸ்' வந்தது. வண்டி, டிரைவர், பராமரிப்பு எல்லாம் காண்ட்ராக்டருடையது. ஓடுகிற கிலோமீட்டருக்குப் பெஸ்ட் பணம் கொடுக்கும். பேங்க் பாஷையில் சொன்னால், முதலீட்டுச் செலவை நடைமுறைச் செலவாக மாற்றுவது. ஏட்டில் அழகாக இருக்கும்.

அந்த 2019-லேயே சொந்த பஸ் 3,337 இருக்கும் என்று தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2025-ல் சொந்த பஸ் ஐந்நூறுக்கும் கீழே போய்விட்டது. காண்ட்ராக்டர்களில் சிலர் கட்டுப்படியாகவில்லை என்று நடுவழியில் விலகினார்கள். அவர்கள் வண்டியும் ஒரே நாளில் ரோட்டிலிருந்து மறைந்தது. 2023 ஆகஸ்ட்டில் வாடகை பஸ் டிரைவர்கள் சம்பளம் போதவில்லை என்று நிறுத்தம் செய்தார்கள். 2022-ல் 2,100 மின்சார பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போட்டும் வண்டிகள் நத்தை வேகத்தில்தான் வந்தன.

2024 டிசம்பர் 9 ராத்திரி, எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், குர்லா மேற்கில் ஒரு வாடகை மின்சார பஸ் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது. குறைந்தது ஏழு பேர் செத்துப்போனார்கள். கிளட்ச் இல்லாத புது மாதிரி வண்டியை ஓட்ட டிரைவருக்குப் போதுமான பயிற்சி கொடுத்தார்களா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசும்போது பயிற்சிக்கு எந்தப் பத்தியில் இடம் இருக்கும்? அதற்கப்புறம் பல நாள் குர்லா ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸே வரவில்லை, எல்லோரும் நடந்தோம்.

பஸ் பார்க்கிறவனுக்கு இதற்கிடையே ஒரு சின்ன சந்தோஷம், ஒரு சின்ன துக்கம். 1990-களின் தொடக்கத்தில் 900 அளவில் இருந்த பழைய டபுள் டெக்கர்களில் கடைசி வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று ஓய்வு பெற்றது. மாலை போட்டு வழியனுப்பினார்கள். அதே வருடம் பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த ஏசி மின்சார டபுள் டெக்கரைத் தயாரித்தது ஸ்விட்ச் மொபிலிட்டி, அதாவது அசோக் லேலண்ட் குடும்பம். எண்ணூரில் பிறந்த கம்பெனி. 1967-ல் டைட்டன் என்ற டபுள் டெக்கரைக் கொடுத்ததும் அவர்கள்தான். மும்பை ரோட்டில் நம்மூர் சரக்கு ஒன்று மாடி கட்டி ஓடுகிறது என்று பையனிடம் காட்டினேன். ஏசி வேலை செய்கிறதா என்று கேட்டான்.

மறுபடி பத்து ரூபாய்

2025 மே 9 அன்று கட்டணம் இரட்டிப்பானது. 5 ரூபாய் 10 ஆனது, ஏசி 6 ரூபாய் 12. சில வாரங்களிலேயே பயணிகள் எண்ணிக்கை லட்சக்கணக்கில் சரிந்தது. வசூல் ஏறியது. ஏட்டைப் பார்ப்பவருக்கு இது வெற்றி.

எங்கள் பில்டிங்கில் நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மா கோவண்டியிலிருந்து வருகிறார். இப்போது வருவது பெரும்பாலும் ஏசி பஸ்தான், விரும்பி ஏறுவதில்லை, அதுதான் வருகிறது. போக வர 12 ரூபாய் இருந்தது 24 ஆனது. மாதம் 26 நாளைக்கு 312 ரூபாய் இருந்தது 624. மாதப் பாஸ் எடுக்கலாமே என்றேன். அதற்கு ஒரே தடவையாகப் பணம் கட்ட வேண்டுமே சார் என்றார். காலையில் பஸ்ஸில் வருகிறார், சாயங்காலம் நடந்து போகிறார். பெஸ்ட் கணக்கில் அவர் இரண்டு பயணியாக இருந்து ஒரு பயணியாகிவிட்டார். பஸ்ஸை வேண்டாமென்று சொன்னவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துவிடுவார்கள்.

மோனோ ரயில், மெட்ரோ, லிங்க் ரோடு, ஃப்ரீவே எல்லாம் எங்கள் பக்கம் வந்தன. செம்பூர் மோனோ 2014-ல் ஆரம்பித்து பெரும்பாலும் நிரம்பாமல் ஓடி, 2025 செப்டம்பரில் சீரமைப்புக்கென்று நிறுத்தப்பட்டது. ஃப்ரீவேயில் கார் பறக்கும். திலக் நகரில் நாலு மாடி ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்து டவர் டவராக எழுப்புகிறார்கள். ஒரு டவருக்குள் பழைய தெருவே அடங்கும், கீழே நாலு அடுக்கு கார் பார்க்கிங். அந்த டவர்களில் வேலைக்கு வருகிறவர்கள் நிற்கும் பஸ் ஸ்டாப்பில் மட்டும் வண்டி குறைந்துகொண்டே போகிறது.

பஸ்ஸால் லாபம் வராது என்பது பேங்க்காரனுக்கும் தெரியும். நஷ்டத்தை யாராவது கட்டத்தான் வேண்டும். முன்பு கரண்ட் பில் கட்டியது, 2019 முதல் மாநகராட்சி பல ஆயிரம் கோடி கொடுத்தது, இப்போது பயணியின் தலையில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். என் கேள்வி ஒன்றுதான். ஃப்ளை ஓவர் கட்டும்போது அது வருடா வருடம் எவ்வளவு லாபம் தருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாளில் ஆயிரம் பேரை வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசேர்க்கும் வண்டியிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

2026 ஜூலை 15 என்ற தேதியில் மும்பை பஸ்ஸுக்கு நூறு வயது. ஆனிக் டெப்போவில் பெஸ்ட் மியூசியம் இருக்கிறது, பழைய டிக்கெட் மெஷின், குட்டி பஸ் பொம்மையெல்லாம் வைத்திருக்கிறார்கள். மும்பை வந்தால் பாருங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். அப்படியே உங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் கணக்கையும் எடுத்து, ஒரு பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். மதுரை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர், எங்கே இருந்தாலும் சரி. ஆயிரத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.